சாட்டிலைட்ல தெரியற புகை நம்ம மூக்குக்கு வருமா?

ரெண்டு போட்டோவ நெட்ல தேடி எடுத்து பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ஒண்ணு 2020 செப்டம்பர் 9ம் தேதி சான் ஃபிரான்சிஸ்கோ, இன்னொண்ணு 2023 ஜூன் 7ம் தேதி நியூயார்க். ரெண்டுலயும் வானம் அப்படியே ஆரஞ்சு, பட்டப்பகல்ல லைட் போட்டுட்டு வண்டி ஓட்டுறாங்க, கட்டிடத்த வச்சுத்தான் எது எந்த ஊருன்னே சொல்ல முடியும். ஆனா நியூயார்க்ல அன்னைக்கு காத்து தரக் குறியீடு 400ஐத் தாண்டிப் போச்சு (300க்கு மேல போனாலே அபாயம்னு தான் அதுக்குப் பேரு), சான் ஃபிரான்சிஸ்கோவுல அந்த ஆரஞ்சு நாள்ல தரையில இருந்த மீட்டர்கள் அந்த அளவுக்கு மோசமா எதுவும் காட்டவே இல்ல. அதுக்கப்புறம் வந்த நாட்கள்ல வானம் சாம்பல் கலருக்கு மாறினப்பதான் அங்க காத்து நிஜமாவே கெட்டுச்சு.

வித்தியாசம் உயரத்துல இருக்கு. சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு பசிபிக் கடல்ல இருந்து குளிர்ந்த பனிமூட்டம் வந்து தரைய ஒட்டி ஒரு அடுக்கா படிஞ்சிருக்கும், கலிஃபோர்னியா காட்டுத்தீப் புகை அன்னைக்கு அந்த அடுக்குக்கு மேல மிதந்துச்சு, சூரிய வெளிச்சத்துல நீலத்தை எல்லாம் வடிகட்டிட்டு ஆரஞ்சை மட்டும் கீழ விட்டுச்சு, ஆனா துகள்கள் கீழ இறங்கல. நியூயார்க்ல அப்படி எந்தத் தடுப்பும் இல்ல, புகை நேரா தெருவுக்கே வந்துடுச்சு. சாட்டிலைட் படத்தை மட்டும் பாத்தா ரெண்டும் ஒரே மாதிரி அடர்த்தியான பழுப்புப் புகைதான். மேல இருந்து பாக்குற கருவிக்கு தரைக்கும் விண்வெளிக்கும் நடுவுல எங்க புகை இருந்தாலும் எல்லாம் சேர்ந்து ஒண்ணாத்தான் தெரியும், அது 200 மீட்டர்ல இருக்கா 8 கிலோமீட்டர்ல இருக்கான்னு அந்தப் படத்துல எழுதியிருக்காது. இந்த ஒரு விஷயத்தை எல்லாருக்கும் புரிய வைக்கணும்னுதான் இந்தப் போஸ்டே எழுதுறேன், ஏன்னா தீ சீசன் வந்தா வாட்ஸ்அப்ல சாட்டிலைட் படம் பறக்குது, அதை வச்சு ஜனங்க முடிவும் எடுக்குறாங்க.

எனக்கு இதுல ஈடுபாடு வந்ததே அக்காவால. அக்கா நியூஜெர்சில இருக்காங்க, அவங்க பையனுக்கு ஆஸ்துமா, அந்த ஜூன் மாசம் போன் பண்ணி "ஏன்டா, நீதான் எப்பப் பாத்தாலும் சாட்டிலைட் மேப்பையே பாத்துட்டு இருக்கியே, நாளைக்கு இவன ஸ்கூலுக்கு அனுப்பலாமா வேணாமா, அத மட்டும் சொல்லு"ன்னு கேட்டாங்க. படத்துல புகை எங்க இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சுச்சு, ஆனா அந்தக் கேள்விக்கு பதில் அந்தப் படத்துக்குள்ள இல்ல. பதில் எங்க கிடைக்கும்னு தேடப் போய்த்தான் இவ்வளவும் கத்துக்கிட்டேன்.

அந்த வாரம் நடந்தது என்னன்னா, ஜூன் முதல் நாட்கள்ல கனடாவோட கியூபெக் மாகாணத்துல மின்னல் விழுந்து ஏகப்பட்ட இடத்துல காடு பத்திக்கிச்சு. அதே நேரம் அமெரிக்காவோட வடகிழக்கு மூலைல, கனடாவோட நோவா ஸ்கோஷியா பக்கம், ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் நகராம உக்காந்துடுச்சு. வடக்கு அரைக்கோளத்துல தாழ்வு மண்டலத்தைச் சுத்தி காத்து கடிகார முள்ளுக்கு எதிர்த்திசைல சுத்தும், அப்ப அதுக்கு மேற்குப் பக்கம் காத்து வடக்குல இருந்து தெற்கு நோக்கித்தான் வீசும், அந்தப் பாதைல நேரா கியூபெக் புகை, கீழ நியூயார்க், நியூஜெர்சி, ஃபிலடெல்ஃபியா. கோஸ்-16னு ஒரு அமெரிக்க சாட்டிலைட், பூமத்திய ரேகைக்கு மேல கிட்டத்தட்ட 36,000 கிலோமீட்டர் உயரத்துல ஒரே இடத்தைப் பாத்துட்டே இருக்கிறது, அப்ப அமெரிக்கா முழுக்க 5 நிமிஷத்துக்கு ஒரு படம் எடுத்துட்டு இருந்துச்சு. அந்தப் படங்களை வரிசையா ஓட்டிப் பாத்தா புகை ஒரு ஆறு மாதிரி திரும்பி தெற்கே வர்றது அப்படியே தெரிஞ்சுது. அந்த வருஷம் கனடாவுல மொத்தம் எரிஞ்சது 1.5 கோடி ஹெக்டேருக்கும் மேல. தமிழ்நாடு மொத்தமே 1.3 கோடி ஹெக்டேர்தான், அப்பப் பாத்துக்கோங்க.

அந்த லூப்பைப் பாக்கும்போது ஒண்ணு கவனிச்சேன், காலைலயும் சாயங்காலமும் புகை பளிச்சுனு தெரியுது, மத்தியானம் அதே புகை பாதி காணாமப் போன மாதிரி ஆயிடுது. புகை குறைஞ்சுதுன்னு அர்த்தமில்ல. வீட்டுக்குள்ள சாய்வா வெயில் விழும்போதுதான் ஜன்னல் ஓரத்துல தூசி பறக்கிறது கண்ணுக்குத் தெரியும் இல்லையா, அதே கதைதான், சின்னத் துகள்கள் வெளிச்சத்தை வந்த திசைலயே முன்னோக்கித்தான் அதிகமா சிதறடிக்கும், சூரியன் தாழ்வா இருக்கும்போது அந்த வெளிச்சம் சாட்டிலைட் பக்கம் வரும். அதனால மத்தியானப் படத்தைப் பாத்துட்டு "புகை கலைஞ்சுடுச்சு"ன்னு நம்பாதீங்க. மேகமா புகையான்னு குழப்பம் வந்தா ஓரத்தைப் பாருங்க, மேகத்துக்கு ஓரம் இருக்கும், நிழல் விழும், வெள்ளையா இருக்கும். புகை நீலமும் பழுப்பும் கலந்த மாதிரி இழுத்துட்டுப் போகும், அடியில நிலம் மங்கலா தெரியும். நாசாவோட வேர்ல்ட்வியூ இணையதளத்துல அகச்சிவப்பு கலந்த கலருக்கு மாத்திப் பாத்தீங்கன்னா மெல்லிய புகை கிட்டத்தட்ட மறைஞ்சுடும், அடியில எரிஞ்ச நிலம் செவப்பா தெரியும், மேகம் மட்டும் அப்படியே நிக்கும். எனக்கு ரொம்பப் பிடிச்ச சோதனை இது.

புகை ஏன் மறையுதுன்னா, காட்டுத்தீப் புகைத் துகள் ரொம்பச் சின்னது, பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) கீழ. அகச்சிவப்புக் கதிரோட அலைநீளம் அதவிடப் பெருசு, அதனால புகைய மதிக்காம ஊடுருவிப் போயிடும். அதனாலதான் மேல புகை மூடியிருந்தாலும் அடியில எரியற தீய சாட்டிலைட் பெரும்பாலும் கண்டுபிடிக்குது. சுமார் 4 மைக்ரான் அலைநீளத்துல நெருப்பு பளீர்னு தெரியும், சுத்தியிருக்கிற சாதாரண நிலம் மங்கலாத்தான் தெரியும், ஒரு பிக்சல்ல ரொம்பச் சின்ன பகுதி மட்டும் எரிஞ்சாக்கூட போதும். நாசாவோட டெர்ரா, அக்வா ரெண்டு சாட்டிலைட்ல இருக்கிற மோடிஸ் கருவிக்கு தீப் புள்ளி 1 கிலோமீட்டர் அகலம், சுவோமி என்பிபி, நோவா-20, நோவா-21னு மூணு சாட்டிலைட்ல இருக்கிற வியர்ஸ் கருவிக்கு 375 மீட்டர். இதெல்லாம் ஃபர்ம்ஸ்னு ஒரு இணையதளத்துல சுமார் 3 மணி நேரத்துக்குள்ள உலகம் முழுக்க வந்துடும், யார் வேணா பாக்கலாம், காசு கிடையாது.

ஆனா அந்தச் செவப்புப் புள்ளிய எப்படிப் படிக்கணும்னு தெரியாம நெறைய தப்பு நடக்குது. புள்ளின்னா "இந்தப் பிக்சலுக்குள்ள எங்கயோ சூடா ஒண்ணு இருக்கு"ன்னு மட்டும்தான் அர்த்தம், புள்ளியோட சைஸ் தீயோட சைஸ் கிடையாது, பெட்ரோல் கிணத்துல எரிக்கிற கேஸ்கூட புள்ளியா வரும். 2020 ஜனவரில ஆஸ்திரேலியா முழுக்க ஓரம் பூரா தகதகன்னு எரியற மாதிரி ஒரு படம் உலகம் பூரா சுத்துச்சு, நாசா எடுத்த போட்டோன்னு சொல்லிச் சொல்லியே ஷேர் பண்ணாங்க, உண்மைல அது ஒரு மாசமா சேந்த தீப் புள்ளிகளை எல்லாம் ஒண்ணாக் கொட்டி ஒரு கலைஞர் கம்ப்யூட்டர்ல பண்ணின சித்திரம். அந்த சீசன்ல நிஜமா நடந்ததே போதுமான அளவுக்குப் பயங்கரம்: தீயோட சூட்டுலயே இடிமேகம் உருவாகி புகைய விமானம் பறக்கிற உயரத்துக்கும் மேல ஸ்ட்ராட்டோஸ்பியருக்குத் தூக்கி அடிச்சுது, அது பசிபிக்கைத் தாண்டி தென் அமெரிக்கா போய் உலகத்தையே ஒரு சுத்து சுத்தி வந்துச்சு, ஒரு புகைச் சுழல் மட்டும் 1000 கிலோமீட்டர் அகலத்துல வெயில் சூட்டுல தானே மேல ஏறி ஏறி 30 கிலோமீட்டரையும் தாண்டிப் போச்சு. இத்தனையும் சாட்டிலைட்ல அளந்தது.

இப்ப அக்கா கேட்ட கேள்விக்கு வரேன். உயரம் தெரியணும்னா லேசர் வேணும். கலிப்ஸோன்னு ஒரு சாட்டிலைட் 2006ல இருந்து 2023 வரைக்கும் கீழ நோக்கி லேசர் துடிப்பு அனுப்பி எந்த உயரத்துல துகள் இருக்குன்னு வெட்டிக் காட்டுச்சு, 2024 மே மாசம் ஐரோப்பாவும் ஜப்பானும் சேர்ந்து அனுப்பின எர்த்கேர் சாட்டிலைட்லயும் அந்த மாதிரி லேசர் இருக்கு. பிரச்சினை என்னன்னா லேசர் ஒரு கோடு மாதிரிதான் வெட்டும், உங்க ஊர் மேல அந்தக் கோடு இன்னைக்குப் போகணும்னு கட்டாயமில்ல. அதனால தினசரி உபயோகத்துக்கு கம்ப்யூட்டர் மாடல்தான். அமெரிக்காவோட கடல், வானிலை அமைப்பான நோவா ஹெச்ஆர்ஆர்ஆர்-ஸ்மோக்னு ஒண்ணு ஓட்டுறாங்க, சாட்டிலைட் அளந்த நெருப்போட வீரியத்தை வச்சு எவ்வளவு புகை கிளம்புதுன்னு கணக்குப் போட்டு 3 கிலோமீட்டர் கட்டம் கட்டமா காத்துல ஓட்டிப் பாக்கும், ஒவ்வொரு மணி நேரமும் புதுசா. அதுல ரெண்டு மேப் தனித்தனியா இருக்கும், ஒண்ணு மேல இருந்து கீழ வரைக்கும் மொத்தப் புகை, இன்னொண்ணு தரைய ஒட்டின புகை. இந்த ரெண்டாவது மேப்தான் அக்காவுக்கு வேண்டியது. அதோட ஃபயர் அண்ட் ஸ்மோக் மேப்னு அரசாங்கமே நடத்துற மேப் ஒண்ணு இருக்கு, தரையில இருக்கிற அரசு மீட்டர்களும் ஜனங்க வீட்டுல மாட்டியிருக்கிற சின்ன சென்சார்களும் சேந்து வரும். அக்காவுக்கு அந்த லிங்க்கை அனுப்பி, வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிற நாலு சென்சார் என்ன சொல்லுதுன்னு மட்டும் பாருங்க, ஆரஞ்சு வானத்தையோ என் சாட்டிலைட் படத்தையோ பாத்து முடிவு எடுக்காதீங்கன்னு சொன்னேன். பையன வீட்டுலயே வச்சுக்கிட்டாங்க.

அதே ஜூன் கடைசில கனடா புகை அட்லாண்டிக்கைத் தாண்டி போர்ச்சுகல், ஸ்பெயின் வரைக்கும் போச்சு, சாட்டிலைட்ல ரொம்பத் தெளிவா தெரிஞ்சுது, ஆனா பெரும்பாலும் மேலயே போனதால கீழ இருந்தவங்களுக்கு மங்கலான வானமும் செவந்த அஸ்தமனமும்தான். படத்துல தெரியற புகை வேற, மூக்குக்கு வர்ற புகை வேறன்னு இதப் பாத்தே எனக்கு மனசுல நல்லா பதிஞ்சுடுச்சு.

புழுதி வேற ஜாதி. பாலைவனத் துகள் புகையவிடப் பெருசு, மணல்ல இருக்கிற சிலிக்கேட் கனிமம் அகச்சிவப்பை உறிஞ்சும், அதுவும் ஒரு குறிப்பிட்ட விதமா. சுமார் 11 மைக்ரான்லயும் 12 மைக்ரான்லயும் வெப்பநிலைய அளந்து ஒண்ணுல இருந்து இன்னொண்ணக் கழிச்சா, பனித்துகள் மேகத்துக்கு ஒரு குறி வரும், புழுதிக்கு அதுக்கு நேர் எதிர்க்குறி வரும். இந்தக் கழித்தல்தான் எல்லாத்துக்கும் அடிப்படை. ஐரோப்பாவோட வானிலை சாட்டிலைட் அமைப்பு யூமெட்சாட் இதோட 8.7 மைக்ரானையும் சேத்து ஒரு கலர் கலவை பண்ணி வச்சிருக்காங்க, டஸ்ட் ஆர்ஜிபின்னு பேரு, அதுல புழுதி கண்ணப் பறிக்கிற மெஜந்தா கலர்ல வரும். இது வெப்பக் கதிர வச்சு எடுக்கிறதால ராத்திரியும் வேலை செய்யும். புகைக்கு அந்த வசதி இல்ல, சூரியன் அஸ்தமிச்சா சாதாரண படத்துல புகை போயிடும், நிலா வெளிச்சம் நல்லா இருந்தா வியர்ஸோட ராத்திரிக் கேமராவுல கொஞ்சம் பிடிக்கலாம், அவ்வளவுதான். மஞ்சள் பாலைவனத்து மேல மஞ்சள் புழுதி பறந்தா நம்ம கண்ணுக்கு ஒண்ணுமே தெரியாது, ஆனா டஸ்ட் ஆர்ஜிபில தனியா தெரியும். முதல் தடவை சஹாரா மேல அந்த லூப்பை ஓட்டினப்ப ராத்திரி முழுக்க தூங்காம பாத்துட்டு இருந்தேன்.

2020 ஜூன் நடுவுல சஹாராவுல இருந்து கிளம்பின புழுதிய எல்லாரும் காட்ஸில்லா புழுதின்னே கூப்பிட்டாங்க. அட்லாண்டிக்கை முழுசா கடந்து கரீபியன் தீவுகளுக்கு வந்து, ஜூன் கடைசி வாரத்துல அமெரிக்காவோட தெற்குக் கரையத் தொட்டுச்சு. சஹாராவுல சூடான வறண்ட காத்து எழும்பி, ஈரமான கடல் காத்துக்கு மேல ஒண்ணரை கிலோமீட்டர்ல இருந்து அஞ்சாறு கிலோமீட்டர் வரைக்கும் தனி அடுக்கா மிதந்து போகும், அதுக்குள்ள மழை மேகம் சுலபமா உருவாகாது, அதனால புழுதி கரையாம அவ்வளவு தூரம் போக முடியுது. கலிப்ஸோ டேட்டாவ வச்சு 2015ல வந்த ஒரு ஆய்வு, வருஷத்துக்கு சராசரியா 18.2 கோடி டன் புழுதி ஆப்பிரிக்கா மேற்குக் கரையத் தாண்டுது, அதுல 2.77 கோடி டன் அமேசான் படுகையில விழுதுன்னு கணக்குச் சொல்லுச்சு. சாட் நாட்டுல போதேலேன்னு ஒரு பள்ளம், ஒரு காலத்துல பெரிய ஏரி, இப்ப வத்திப்போய் அடியில இருந்த நுண்பாசி ஓடுகள் வெள்ளைப் பொடியா கிடக்கு, உலகத்துலயே அதிகப் புழுதி கிளப்புற இடம்னு அதத்தான் சொல்றாங்க. அங்க இருந்தும் சஹாராவோட மத்த இடங்கள்ல இருந்தும் வர்ற புழுதியில இருக்கிற பாஸ்பரஸ், வருஷம் சுமார் 22,000 டன், அமேசான் மண்ணுக்கு உரமா போய்ச் சேருது. மழையில அந்தக் காடு இழக்கிற பாஸ்பரஸும் ஏறக்குறைய அதே அளவுதான். ஒரு செத்துப்போன ஏரி கடல் தாண்டி ஒரு காட்டுக்கு உரம் போடுதுன்னு படிச்சப்ப எனக்கு உடம்பே சிலிர்த்துடுச்சு.

நம்ம நாட்டுப் புழுதிக்கு வந்தா கொஞ்சம் சங்கடம். நம்ம இன்சாட்-3டிஆர், 3டிஎஸ் சாட்டிலைட்ல படம் எடுக்கிற கருவிக்கு 6 அலைவரிசைதான், 8.7 மைக்ரான் அதுல கிடையாது, அதனால அந்த ஐரோப்பியக் கலவைய அப்படியே பண்ண முடியாது. தார் பாலைவனத்துல இருந்தோ அரேபியால இருந்தோ கோடைல வர்ற புழுதிய மெஜந்தா கலர்ல பாக்கணும்னா இந்தியப் பெருங்கடல் மேல ஐரோப்பா நிறுத்தியிருக்கிற மீட்டியோசாட் சாட்டிலைட்டைத்தான் பாக்கணும். இன்னொண்ணு, 2018 மே 2ம் தேதி ராத்திரி ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்துல அடிச்ச புழுதிப்புயல்ல 100 பேருக்கு மேல செத்தாங்க. அந்த மாதிரி புயல் இடிமேகத்துல இருந்து கொட்டுற குளிர்காத்து தரையில மோதி கிளப்புற புழுதிச் சுவர், பெரும்பாலும் அந்த இடிமேகத்துக்கு அடியிலயே மறைஞ்சிருக்கும், மேல இருந்து பாத்தா மேகத்தோட தலை மட்டும்தான் தெரியும். அதனால இந்த வகைக்கு சாட்டிலைட் மட்டும் பத்தாது, ரேடார் வேணும், தரையில காத்து வேகம் அளக்கிற நிலையங்கள் நெருக்கமா வேணும். இதுல செலவு பண்றதுல கஞ்சத்தனம் கூடவே கூடாதுன்னு நான் உறுதியா நினைக்கிறேன்.

கடைசியா பஞ்சாப், நெல் அறுத்ததும் வயல்ல மிஞ்சுற வைக்கோலை எரிக்கிற கதை. மோடிஸ், வியர்ஸ் இருக்கிற சாட்டிலைட்டெல்லாம் ஒரு இடத்தை பகல்ல ஒரு குறிப்பிட்ட நேரத்துலதான் கடக்கும், வியர்ஸுக்கு அது மத்தியானம் 1.30ஐ ஒட்டி. இந்த சாட்டிலைட்டுங்களை வச்சு எண்ணுற வைக்கோல் தீ எண்ணிக்கை சமீப வருஷங்கள்ல வேகமா குறைஞ்சுட்டே வந்துச்சு, ஆனா அந்தப் பகுதி மேல காத்துல இருக்கிற துகள் அளவு அதே வேகத்துல குறையல. நாசாவோட கோடார்ட் மையத்துல இருக்கிற விஞ்ஞானி ஹிரேன் ஜேத்வா 2024 அக்டோபர்ல இத வெளிப்படையா எடுத்துச் சொன்னார்: கொரியாவோட ஜியோ-காம்ப்சாட்-2ஏ ஒரே இடத்துல நின்னு 10 நிமிஷத்துக்கு ஒரு படம் எடுக்குது, அதுல பாத்தா சாட்டிலைட் கடந்து போனதுக்கப்புறம் சாயங்காலம் போல புகை அடர்த்தியா கிளம்புது. எனக்கு விவசாயிங்க மேல கோவம் இல்ல. நிலத்தடி நீரைக் காப்பாத்த 2009ல போட்ட சட்டத்தால நெல் நடவு தள்ளிப்போச்சு, அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் நடுவுல ரெண்டு மூணு வாரம்தான் கிடைக்குது, வைக்கோலை அப்புறப்படுத்த மெஷினுக்கும் ஆளுக்கும் காசு வேணும். ஆனா பகல்ல ஒரு குறிப்பிட்ட நேரத்துல மட்டும் எட்டிப் பாக்குற கண்ணை வச்சு எடுத்த எண்ணிக்கைய வெற்றின்னு அறிவிக்கிறதும், அபராதம் போடுறதும், அந்தப் புகைய சுவாசிக்கிற குழந்தைகளுக்கு நியாயமே இல்ல. ஒரே இடத்துல நிக்கிற சாட்டிலைட்டுங்க நாள் முழுக்கப் பாக்கும், ஆனா பிக்சல் பெருசு, இன்சாட்டோட வெப்ப அலைவரிசைக்கு 4 கிலோமீட்டர், ஒரு ஏக்கர் வயல்ல எரியற தீ அதுக்குள்ள கரைஞ்சு போயிடும். அதனால தீ எண்ணிக்கை, எரிஞ்ச நிலத்தோட பரப்பு, காத்துல துகள் அளவு மூணையும் சேத்துதான் அறிக்கை விடணும்.

வர்ற அக்டோபர் கடைசி வாரம் வேர்ல்ட்வியூவத் திறந்து பஞ்சாப் மேல வைங்க. முதல்ல வியர்ஸ் தீப் புள்ளிய ஆன் பண்ணி எண்ணிக்கை எப்படின்னு பாருங்க, அப்புறம் அத ஆஃப் பண்ணிட்டு ஏரோசால் (காத்துல மிதக்கிற துகள்) அடுக்கை மட்டும் போட்டு அஞ்சாறு வருஷம் பின்னாடி இதே தேதிக்குப் போய் ஒப்பிட்டுப் பாருங்க. முடிஞ்சா கொரிய சாட்டிலைட்டோட சாயங்கால லூப்பையும் ஓட்டுங்க. எல்லாத்தையும் பாத்துட்டு, டெல்லில சொந்தக்காரங்க யாராவது இருந்தா அவங்களுக்குப் படத்தை அனுப்பாதீங்க, அவங்க வீட்டுக்குப் பக்கத்து மீட்டர்ல தரை அளவு எவ்வளவுன்னு பாத்து அந்த நம்பரை அனுப்புங்க.